மூச்சு கேட்காத வாத்தியம்

ஜூலை 11, வியாழன்

பிசியோதெரபி நிலையத்துப் பெண் ஒரு நோட்டு வாங்கச் சொன்னாள். தினமும் வாய் எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். அதனால் இந்த நோட்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் நிற்கவில்லை. வலது ஓரமாக வழிந்து ரவிக்கை நனைந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் வலது பாதி யாரோ அயர்ந்து தூங்குகிற மாதிரி தொங்கிக்கிடந்தது. இவரைக் கூப்பிட்டேன். 'இங்க வாங்க' என்பதற்கே உதடு ஒத்துழைக்கவில்லை. இவர் மின்துறைக்காரர், எதற்கும் பதறாத ஆள். அன்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பக்கவாதம் இல்லையாம். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறதாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், மூன்று வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம் என்றார் டாக்டர். "புல்லாங்குழல் எப்ப வாசிக்கலாம்?" என்று கேட்டேன். "முதல்ல சிந்தாம தண்ணி குடிங்க" என்றார்.

வாய்: கோணல். ப, ம, வ எதுவும் வரவில்லை. என் பெயரையே 'ஆனதி' என்றுதான் சொல்ல முடிகிறது.

ஜூலை 13

அக்கா சென்னையிலிருந்து போன் செய்தாள். நான் பேசியது பாதி புரியவில்லை என்று அழுதாள். ஆகஸ்டில் இருந்த இரண்டு கச்சேரிகளுக்கும் வரமுடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

"நீ தனியா வாசிக்கலாமேக்கா."

"தனியாவா? என்னடி பேசுற?"

வாய்: அப்படியே.

ஜூலை 16

பயிற்சி செய்யும்போது கண்ணாடி முன் நிற்கவேண்டும். கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி, ஊது. காற்று ஓட்டைப் பந்திலிருந்து போவது போல ஒரு பக்கமாகப் போய்விடுகிறது.

நானும் அக்காவும் இருபத்தேழு வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறோம். நான் பதினான்கு வயதில் மேடையேறியபோது அவளுக்கு இருபத்தொன்று. நீளமான சங்கதி ஒன்றை அவள் பிடித்தால், அவள் மூச்சு தீர்கிற இடத்தில் நான் நுழைந்துவிடுவேன். ஒட்டு தெரியக்கூடாது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை ஸ்வரத்தைப் பிடித்து நிற்கவேண்டும், வந்ததும் விலகிவிடவேண்டும். இரண்டு குழல், ஒரே மூச்சு என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எது அக்கா, எது தங்கை என்று கண்டுபிடிக்கவே முடியாது என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள்.

ஜூலை 22, திங்கள்

நிலையத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பெயர் ரீத்தா. தபால் ஆபீசில் வேலை. இடது தோள் இறுகிப்போய்க் கை மேலே தூக்க வரவில்லையாம். தலை வாரக்கூட அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிடுகிறேன் என்று சிரித்தாள்.

நான் குழல்காரி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அவள் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். ஞாயிறு சாயங்காலங்களில் கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடை மொட்டைமாடியில் மூன்று பெண்களாகச் சேர்ந்து வாசிப்பார்களாம்.

"உங்களுக்கு வாய் இல்ல, எனக்குக் கை இல்ல. என் கிட்டார் ஒரு மாசமா பெட்டிக்குள்ளயே படுத்திருக்கு. நீங்க எடுத்துட்டுப் போங்களேன்."

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதே."

"தெரியவேணாம். தொட்டுக்கிட்டு இருங்க. வாத்தியத்தைத் தொடாம வச்சா கெட்டுப்போயிடும். வாத்தியக்காரியும் அப்படித்தான்."

வாய்: அப்படியே. சிரித்தால் இன்னும் கோணுகிறது.

ஜூலை 28, ஞாயிறு

கிட்டார் வந்துவிட்டது. கடல்நீல நிறம், ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. கூடவே ஆம்ப் என்கிற ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, வயர்கள், காலால் அமுக்குகிற பெட்டி ஒன்று.

வாத்தியத்தைப் பார்ப்பதற்கு முன் இவர் பிளக்கைப் பார்த்தார். "எர்த் சரியில்ல" என்று ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து சுவரில் இருந்த பாயின்டையே கழற்றி மாட்டினார். ஒரு மணி நேரம். அப்புறம்தான் "ம், இப்ப தொடு" என்றார்.

மடியில் வைத்துக்கொண்டேன். குழலை எடுத்த கைக்கு இது ஒரு மரக்கட்டிலைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு தந்தியைக் கட்டைவிரலால் தட்டினேன்.

சத்தம் என்னிடமிருந்து வரவில்லை. அறையின் மூலையில் இருந்த பெட்டியிலிருந்து வந்தது. வந்து அங்கேயே நின்றது. நான் மூச்சு விட்டேன், இழுத்தேன். மறுபடி விட்டேன். இன்னும் நின்றுகொண்டிருந்தது. வெளியே ஐஸ்வண்டி மணி கேட்டது, பிறகு அதுவும் போனது. ஸ்வரம் மட்டும் மெலிந்து மெலிந்து ஜன்னல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 3

விரல்நுனி நான்கும் சிவந்து எரிகிறது. புளி கரைக்க முடியவில்லை. குழலில் விரல் துளையை மூடினால் போதும், இதில் அமுக்கவேண்டும். இருபத்தேழு வருடம் வாசித்த விரல் குழந்தை விரல் மாதிரி திணறுகிறது.

வாய்: கொஞ்சம் பரவாயில்லை. சோறு சிந்தாமல் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10

நிலையத்தில் ரீத்தா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். கையால் காற்றில் காட்டினாள்: ஒலியைத் திருகுகிற பொத்தானை முழுக்க மூடிவிட்டுத் தந்தியைத் தட்டவேண்டும். தட்டிய பிறகு சுண்டுவிரலால் மெல்லத் திறக்கவேண்டும்.

மத்தியானம் செய்து பார்த்தேன். தட்டிய சத்தமே இல்லை. எங்கோ தூரத்தில் இருந்த ஸ்வரம் பனிக்குள்ளிருந்து நடந்து வருகிற ஆள் மாதிரி வந்தது. முதலில் நிழல், அப்புறம் உருவம், அப்புறம் முகம். கால் பெட்டியை அமுக்கினால் அந்த ஆளுக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று ஒரு வரிசையே வருகிறது.

மோகனத்தில் ஐந்து ஸ்வரத்தை மட்டும் இப்படித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மழை வந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தபோது அது தெப்பமாக நனைந்து, மழையும் நின்றுவிட்டிருந்தது.

ஆகஸ்ட் 19

வாய்: நல்ல முன்னேற்றம். உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் குடித்தேன். நிலையத்துப் பெண் கைதட்டினாள்.

தந்தியை இழுத்தால் கமகம் வருகிறது! குழலில் விரலைப் புரட்டி வரவைப்பதை இங்கே தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி வரவைக்கவேண்டும். காந்தாரத்தை அசைத்தேன். அசைந்து அசைந்து அது தரையிலிருந்து அரையடி தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. நானும்தான்.

ஆகஸ்ட் 27

அக்கா போன். நவராத்திரிக்கு மூன்று இடத்தில் கேட்கிறார்களாம். "என்ன சொல்லட்டும்?"

"இன்னும் சரியாகலக்கா."

"ஊதிப் பார்த்தியா?"

"காத்துதான் வருது."

குழல் அலமாரியில், பட்டுத்துணிக்குள் இருக்கிறது. ஜூலைக்குப் பிறகு நான் அதை எடுக்கவில்லை.

வாய்: அப்படியே.

செப்டம்பர் 4

வாய்: அப்படியே.

காபி சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். மத்தியானம் முழுக்கக் கிட்டார். இப்போது விரல்நுனியில் தோல் தடித்துவிட்டது. கத்தரிக்காய் நறுக்கும்போது அந்த விரல் என்னுடையது இல்லை போல இருக்கிறது, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 12

வெள்ளிக்கிழமைக்காகப் பித்தளை விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேற்று கிட்டாரில் பிடித்த ஒரு வரி மனதில் ஓடியது. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"விசிலடிக்கிற."

"நானா?"

"ம்."

மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். நான் விளக்கைத் தேவைக்கு மேல் தேய்த்தேன்.

வாய்: அப்படியே.

அக்டோபர் 3

இனி வரவேண்டாம், நன்றாக ஆகிவிட்டது என்று நிலையத்தில் சொன்னார்கள். உன்னிப்பாகப் பார்த்தால் சிரிக்கும்போது மட்டும் வலது ஓரம் ஒரு நொடி தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். "நோட்டைக் கொடுங்க, மத்தவங்களுக்குக் காட்டலாம்" என்றாள் அந்தப் பெண். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். கைப்பையில்தான் இருந்தது.

அக்டோபர் 11

ஆயுதபூஜை. குழலையும் கிட்டாரையும் ஒரே பலகையில் வைத்துப் பொட்டிட்டேன். குழலைத் துணியோடு வைத்தேன். அக்கா போன் செய்தாள். என்னென்ன படைத்தாய் என்று கேட்டாள். சொன்னேன். "சரிடி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

இவர் வேலைக்குப் போனபின் அலமாரியைத் திறந்தேன். சந்தனவாசனையோடு குழல் வந்தது. உதட்டில் வைத்தேன்.

முதல் மூச்சிலேயே வந்துவிட்டது. சுத்தமாக, முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல். மேல் ஷட்ஜமும் வந்தது. கீழே இறங்கினேன், அதுவும் வந்தது. எதுவும் எங்கேயும் போயிருக்கவில்லை.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் பையைத் தூக்கும்போது ஒன்று தோன்றுமே, அதுதான் வந்தது.

குழலைத் துடைத்து உள்ளே வைத்தேன். பிறகு துணி காயப்போட்டேன்.

வாய்: அப்படியே.

நவம்பர் 2

ரீத்தா வீட்டுக்கு வந்தாள். கை தோளுக்கு மேல் போகிறது! கிட்டாரைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, துடைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"வாசி, கேக்கறேன்."

வாசித்தேன். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வருகிற அந்த மோகனம். முடிந்தபின் ஆம்பைத் தானே அணைத்தாள்.

"இந்த மாதிரி எனக்கு வராது. ஜனவரியில மாடியில மறுபடி ஆரம்பிக்கிறோம். எங்ககூட வா, வானதி."

"இன்னும் வாய் சரியாகலையே" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "கிட்டாரை எந்த வாயால வாசிக்கப்போற?"

இருவரும் சிரித்தோம். அவள் போனபிறகு எனக்கு வெட்கமாக இருந்தது.

நவம்பர் 16, சனி

அக்கா நாளை வருகிறாளாம். வீட்டைக் கூட்டினேன். கிட்டாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று இடம் மாற்றினேன். கடைசியில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. அக்கா நனைந்துகொண்டு வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். தலை துவட்டிக்கொண்டே நீலக் கிட்டாரைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள், சொன்னேன். "ஓ" என்றாள்.

சாப்பிட்டு முடித்து இவர் உள்ளே படுக்கப் போனார். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"டிசம்பர் இருபத்தினாலு. சாயங்காலம் நாலு மணிக் கச்சேரி. நாளைக்குள்ள பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

நான்கு மாதமாகச் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. வேறு ஒன்று வந்தது.

"அக்கா, வாய் சரியாயிடுச்சு."

"தெரியும்."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன். அவள் ஈரத் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுதபூஜை அன்னிக்கு என்ன படைச்சேன்னு கேட்டேன். பொரி, பொட்டுக்கடலை, பழம், பாயசம்னு சொன்ன. ஒவ்வொரு 'ப'வும் கல்லு மாதிரி விழுந்துச்சு. உதடு சேராம அது வருமாடி? என் காதும் ஒரு குழல்காரி காதுதானே."

"அப்பவே ஏன்க்கா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "அஞ்சு கச்சேரிய விட்டேன் வானு. ஊர்ல எல்லாரும், தங்கச்சிக்காக விட்டுட்டா, என்ன பாசம்னு பேசிக்கிறாங்க. உனக்காக இல்லடி. எனக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது. ரெண்டு வருஷமாச்சு. டாக்டர் இழுப்புன்னு சொல்றார். நீ பக்கத்துல இருக்கிறதாலதான் யாருக்கும் தெரியல."

எனக்குத் தெரியும். இந்த நோட்டில் நான் எழுதவில்லை, ஆனால் தெரியும். முன்பெல்லாம் நான் இரண்டு எண்ணிக்கை பிடித்து நின்றால் போதும். போன வருடம் எட்டு ஆகியிருந்தது. அவள் ஆரம்பிக்கிற சங்கதியை நான்தான் கடைசிவரை கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், அவள் பெயரில். அதைச் சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அவளை விட்டு நழுவத்தான் பார்த்திருக்கிறேன். முகத்து நரம்பு நல்ல சாக்காக வந்து வாய்த்தது.

"இனிமே வரமாட்டியா?" என்று கேட்டாள். சின்னக் குரலில். அக்காவிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"வரலக்கா."

சொல்லிவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். கம்பியில் நீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது, "சரி. என்னை விட்டுட்டுப் போற அளவுக்கு அந்தக் கிட்டார்ல என்னதான் இருக்கு? வாசி" என்றாள்.

ஆம்பைப் போட்டேன். கரண்ட் இல்லை. மழைக்கு எப்போதோ போயிருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை.

கரண்ட் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் ஒரு பாவப்பட்ட பொருள். கொசு முனகுவது போலத்தான் கேட்கும். இருந்தாலும் வாசித்தேன். அக்கா கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதுவும் போதாமல் தரையில் உட்கார்ந்து, கிட்டாரின் நீல உடம்பில் காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். அவள் ஈரத்தலை என் முழங்காலில் பட்டது. மழைக்குள், மரத்துக்குள், யாருக்கும் கேட்காமல் நான் மோகனம் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"காந்தாரம் நல்லாருக்கு" என்றாள், தலையை எடுக்காமலே.

நவம்பர் 18

அக்கா காலை பஸ்ஸில் போய்விட்டாள். ஏறும்போது, "நாலு மணிக் கச்சேரிக்கு நான் வரேன்னு சொல்லிடறேன். ஒருத்தியா" என்றாள். கோபமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 9

மூன்று வாரமாகப் போன் இல்லை. நானும் செய்யவில்லை. சுரத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். கனவில் மேடை ஒன்று தண்ணீரில் மிதந்துபோகிறது. யாரும் அதில் இல்லை.

டிசம்பர் 24

சென்னைக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அக்காவுக்கு நான் வருவது தெரியாது. மேடையில் இரண்டு பேருக்கு விரிக்கிற ஜமுக்காளத்தையே விரித்திருந்தார்கள். அவள் சரியாக நடுவில் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். சின்னச் சின்ன சங்கதிகள். நடுநடுவே நிறுத்தம். வயலின்காரருக்கு நிறைய விட்டுக்கொடுத்தாள். ஆனாலும் ஆலாபனையில் ஓர் இடத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம், மேலே போகவேண்டியவள் பாதியில் நின்றுவிட்டாள். என் உதடு தானாகக் குவிந்துவிட்டது. அவள் குழலை இறக்கி மடியில் வைத்தாள். அவசரமில்லாமல் மூச்சு வாங்கினாள், மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் இருமவில்லை, எழுந்துபோகவில்லை. மறுபடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து இல்லை, புதிதாக வேறொரு இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பாதையில் அவள் போய் நான் கேட்டதே இல்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். வியர்த்துப்போய், வெற்றிலை நிறச் சேலையில், பெரிய வேலையை முடித்த களைப்போடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"எப்படி?"

"ரெண்டு இடத்துல சுருதி இறங்குச்சுக்கா."

"மூணு" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து விரல்நுனிகளைத் தடவிப் பார்த்தாள். "என்னடி இது, கொத்தனார் கை மாதிரி."

ஜனவரி 19, ஞாயிறு

சாயங்காலம் ஐந்தரை மணி. மொட்டைமாடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. கேட்க முப்பது பேர் இருந்தால் அதிகம். ரீத்தா கனத்த தந்தி கிட்டாருக்கு மாறிவிட்டாள், நீலக் கிட்டாரை எனக்கே விட்டுவிட்டாள். டிரம்ஸ்காரப் பெண் குச்சியால் எண்ணினாள். ஆரம்பித்துவிட்டோம்.

நிறையத் தப்பு செய்தேன். ஒரு இடத்தில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ரீத்தா தலையாட்டிக்கொண்டே அதே நாலு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் மோகனம். சுண்டுவிரலால் மெல்லத் திறந்தேன். வெளிச்சம் ஆரஞ்சாகி, ரோஜாவாகி, நீலமாகிக்கொண்டிருந்தது. ஸ்வரம் மாடியை விட்டு இறங்கித் தெருவைத் தாண்டி அலைமேல் போனதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எழுதவேண்டும்.

அக்கா வந்திருந்தாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தாள்.

"சத்தம் ஜாஸ்தி. அந்த டிரம்மை யாராவது கட்டிப்போடணும். அது சரி, மோகனத்துக்கு யாருடி பாடினது?"

"யாரும் பாடலையே."

"பாடினாங்க. மெதுவா, கொஞ்சம் கட்டைக் குரல். கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே."

ரீத்தா வயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். "நான் பேசுற மைக் அவ பக்கம் திரும்பியிருந்துச்சு, அதான் பிடிச்சிருக்கு."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. இருபத்தேழு வருடம் வாசிக்கும்போதெல்லாம் என் வாய் குழலிடம் இருந்தது. இப்போது அது சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பாடுவேன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அதில் கோபம் இல்லை.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து இவரிடம் கேட்டேன்.

"நான் பாடினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ம்."

"எனக்கே தெரியலங்க. இன்னிக்குத்தான் முதல் தடவை."

"இன்னிக்கா?" வண்டியை மெதுவாக்கினார். "ஆகஸ்ட்லேர்ந்து பாடிட்டிருக்கியே. லீவு நாள்ல மத்தியானம் பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு அதைத்தானே கேட்டுட்டிருக்கேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

கடற்காற்றில் அவர் சட்டை உப்பியிருந்தது.

"சொன்னா நிறுத்திடுவ."